ஒன்பதரைக்கு மேல் வரும் நெஞ்சுவலி

நோய்க்குக் கடிகாரம் உண்டா? உண்டு என்றது ஒரு பதிவேடு.

திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குச் சற்று இப்பால், ஓர் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர மருத்துவமனை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவை எல்லோரும் கேஷுவாலிட்டி என்பார்கள். அங்கே மேசைமேல் கிடந்த தடித்த பதிவேட்டில் மாடம்மாள் என்ற பெயர் இரண்டு மாதங்களில் பதினான்கு முறை எழுதப்பட்டிருந்தது. வயது ஐம்பத்தொன்பது. தொழில் கட்டட வேலை. உபாதை நெஞ்சில் இறுக்கம். ஈசிஜி சரியாக இருக்கிறது, பிரஷர் கூடுதல், ஓய்வுக்குப் பின் அனுப்பப்பட்டார். பதினான்கு முறையும் இதுவே தீர்ப்பு. ஆனால் பக்கங்களைப் புரட்டிய ஜெபமலரின் விரல் தீர்ப்பில் நிற்கவில்லை, நேரத்தில் நின்றது. ஒன்பது ஐம்பது. பத்து ஐந்து. ஒன்பது நாற்பத்தைந்து. பத்து பத்து. ஒரு நாளாவது மாலையில் வலித்திருக்கக் கூடாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த நெஞ்சு இறுகியிருக்கக் கூடாதா?

ஜெபமலருக்கு அங்கே வாய்த்த வேலை விசித்திரமானது. மருத்துவர் மருந்து எழுதுவார்; இவள் மருந்தில்லாத சீட்டு எழுதுவாள். சமூகப் பரிந்துரை என்பது அதன் ஏட்டுப்பெயர். மாத்திரைக்கு அடங்காத நோயோடு திரும்பத் திரும்ப வருகிறவரை மருத்துவர் இவளிடம் அனுப்புவார். இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பாள்: யாரோடு இருக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், கூரை ஒழுகுகிறதா, பேச ஆள் உண்டா? பிறகு ஒருவரை ஓய்வூதிய அலுவலகத்துக்கும், ஒருவரை நடைக்குழுவுக்கும், இன்னொருவரை இலவசச் சட்ட உதவிக்கும் கைபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஏழைகளின் குடியிருப்புகளிலிருந்து முன்னறிவிப்பின்றிக் கேஷுவாலிட்டியில் வந்து குவிகிறவர்களின் எண்ணிக்கை இதனால் குறையுமா என்று பார்க்க ஓராண்டுச் சோதனை. இத்தனை காலமும் கூட்டம் அதிகம் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. கூட்டம் ஏன் வருகிறது என்று கேட்பதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அமர்த்தியது இதுவே முதல் தடவை. களியக்காவிளைக்காரியான ஜெபமலர் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவாள். வேலைக்கு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாடம்மாளுக்கு அவள் எழுதிய முதல் சீட்டு பலிக்கவில்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஆரியசாலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒற்றை அறை. கேட்ட மாத்திரத்தில் ஜெபமலர் முடிவுகட்டினாள்: தனிமை. முதியவர்கள் பகலைக் கழிக்கும் பகல்வீடு ஒன்றில் சேர்த்துவிட்டாள். அங்கே கேரம் பலகை இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, மத்தியானம் கஞ்சியும் பயறும் இருந்தன. இவளை அன்பாக அழைத்து அமரவைத்த மலையாளத்துப் பெண்களும் இருந்தார்கள். நான்கு நாள் மாடம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஐந்தாம் நாள் பத்து மணிக்கு அவள் பெயர் மீண்டும் பதிவேட்டில் ஏறியது.

அதன் பிறகுதான் கோலப்பன் ஜெபமலரைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் நிர்வாக அதிகாரி, கெட்டவர் அல்லர், காலிப் படுக்கை எத்தனை என்று காலையும் மாலையும் பதில் சொல்ல வேண்டியவர். வள்ளியூரில் மாடம்மாளின் அண்ணன் மகன் ஒருவன் இருப்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆதரவற்ற வெளியூர்த் தொழிலாளர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கும் தொண்டு அமைப்பு ஒன்றும் அவர் கைவசம் இருந்தது.

“இது ஆசுபத்திரியாக்கும், சத்திரம் இல்ல” என்றார். “முப்பது நாளு பாக்கேன். அதுக்குள்ள ஒருக்கா சீக்கு ஒண்ணும் இல்லாம வந்து படுத்தாள்னா, அந்த அமைப்புக்கு லெட்டர் போட்டுருவேன். ஊர்ல போயி நிம்மதியா இருக்கட்டுமே.”

கட்டாயப்படுத்தி ஒருவரை ஊருக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டா? இல்லை. ஆனால் முத்திரை குத்திய காகிதம் ஒன்று வந்து சேர்ந்தால், ஏழை குடியிருக்கும் வாடகை அறையில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்? வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வார், அண்ணன் மகன் மனமில்லாமல் வண்டியோடு வருவான், அத்தோடு முடிந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த நகரத்தின் மணலும் சல்லியும் காங்கிரீட்டும் அவள் தலைமேல் ஏறி மாடிக்குப் போயிருக்கின்றன. எத்தனை வீடுகளை எழுப்பினாளோ, அத்தனையிலும் கிரகப்பிரவேசத்தன்று அவளுக்கு வேலை இல்லை.

ஜெபமலர் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டு மாடம்மாள் “ஊர்ல நான் விருந்தாளிதாம்மா” என்றாள். “விருந்தாளியை எத்தனை நாளைக்கு வச்சுப் பாப்பாவ?”

முப்பது நாள். ஜெபமலர் மறுபடி பதிவேட்டிடம் போனாள். இந்த முறை மாடம்மாளை விட்டுவிட்டு மற்ற பெயர்களைத் தேடினாள். கட்டட வேலை என்று தொழில் குறித்த பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். பக்கத்தில் நேரத்தை எழுதினாள். எழுத எழுத அவளுக்கு வியப்பு மிகுந்தது. ஒன்பது பேர். தலைசுற்றல், கை நடுக்கம், மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம் என்று நோய்கள் வேறு வேறு. ஆனால் எல்லாம் ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. இதென்ன தொற்றுநோய்? விடுமுறை நாளில் ஓய்வெடுக்கும் கிருமி எது?

கேஷுவாலிட்டி மருத்துவர் நீது இளம்பெண். சலிப்பு இன்னும் தொடாதவர். அவரிடம் அந்தத் தாளைக் காட்டினாள். காலை வெயிலாக இருக்கலாம், வெறும் வயிறாக இருக்கலாம் என்றெல்லாம் அவர் ஊகித்தார். எந்த ஊகமும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவில்லை. கடைசியில் ஜெபமலர் செய்திருக்க வேண்டிய முதல் காரியத்தைச் செய்தாள். ஒன்பதரைக்கு முன்னால் எங்கே இருப்பீர்கள் என்று மாடம்மாளையே கேட்டாள். இத்தனை கேள்வி கேட்டவள், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டவள், இதை மட்டும் கேட்கவே இல்லை.

“முக்குல நிப்பேன்” என்றாள் மாடம்மாள்.

ஆரியசாலையிலிருந்து கிள்ளிப்பாலம் போகிற சாலையில், ஒரு பழைய வாசகசாலைக்கு எதிரே, கூலிக்கு ஆள் நிற்கும் தெருமுனை அந்த முக்கு. மறுநாள் காலை ஆறரைக்கு ஜெபமலர் அங்கே போய் நின்றாள். கரண்டிப் பையோடு கொத்தனார்கள், தலையில் சும்மாடு சுற்றிய பெண்கள், கைலியை மடித்துக் கட்டிய ஆண்கள் என்று அறுபது பேர் இருப்பார்கள். எல்லோரும் தென்தமிழ்நாட்டிலிருந்து வந்து வருடக்கணக்கில் இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒப்பந்தக்காரர்கள் வேனிலும் ஸ்கூட்டரிலும் வருவார்கள். வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். ஒரு கொத்தன், இரண்டு மைக்காடு என்பார்கள். கொத்தனாருக்குக் கையாளாக நிற்கிறவருக்கு இங்கே மைக்காடு என்று பெயர். விரல் சுட்டும், சுட்டப்பட்டவர் ஏறிக்கொள்வார். ஏழு மணிக்குள் இளவட்டங்கள் போய்விட்டன. எட்டுக்குள் நடுவயது போயிற்று. ஒன்பது மணிக்கு எஞ்சியவர்களைப் பார்த்ததும் ஜெபமலர் தன் தாளை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒன்பது பேரும் அங்கே இருந்தார்கள். மாடம்மாள் பத்தாவது.

ஒன்பதேகாலுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதில் இருந்தவர் ஜெபமலரையும் கூலிக்கு நிற்கிறவள் என்றே நினைத்திருக்க வேண்டும். அவருடைய பார்வை தலையிலிருந்து கால்வரை ஒரு முறை இறங்கியது, தோளை அளந்தது, கையை அளந்தது, வேண்டாம் என்று அடுத்தவளுக்குத் தாவியது. யாரையும் எடுக்காமல் ஸ்கூட்டர் போய்விட்டது. ஜெபமலருக்கு அந்த வேலை வேண்டியதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவள், படித்தவள். இருந்தும் முகம் ஏன் சுட்டது? செங்கல் அடுக்கில் விரிசல் விட்டதைத் தட்டிப் பார்த்து ஒதுக்கிவைப்பதுபோல் ஒருவன் ஒதுக்கிவிட்டுப் போக, கால்கள் ஏன் நகர மறுத்தன?

பக்கத்தில் நின்ற ராஜபாய் அதைக் கவனித்தாள். முக்கின் மேஸ்திரி அவள், நாற்பத்தைந்து வயது, காங்கிரீட் நாளுக்கு ஆள் திரட்டிக் கொடுப்பவள்.

“ஒன்னயும் கழிச்சிட்டான் பாத்தியா மக்களே” என்றாள். “நெஞ்சு வலிக்கா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெபமலர் சிரிக்கவில்லை. மணி ஒன்பதரை. ஒருவரும் அறிவிக்கவில்லை; ஆனாலும் இனி வண்டி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சும்மாட்டுத் துணியை உதறி மடித்தபடி ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாடம்மாளின் கை தன்னையறியாமல் மார்பைத் தொட்டது.

“பொய் சொல்லலம்மா. இங்கன இறுக்கும்” என்றாள் அவள். “ரூமுக்குப் போனா இன்னும் இறுக்கும். ஆசுபத்திரியில போயி சீட்டைக் குடுத்தா, கொஞ்ச நேரத்துல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாவ. மாடம்மாள்னு. அப்பொ எளகிரும்.”

இதுதான் கிருமி. மூன்று மணி நேரம் நின்று ஒருவர் வாயிலும் தன் பெயர் வராத மனுஷி, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் இடத்தைத் தேடிப் போகிறாள். இந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம் கேஷுவாலிட்டி ஒன்றே. இதைத் தனிமை என்று எழுதிக் கேரம் பலகை கொடுத்தோமே, வேலை கேட்டு நின்றவளுக்கு ஓய்வைப் பரிந்துரைத்தோமே என்று ஜெபமலர் அந்த நடைபாதையிலேயே வெட்கப்பட்டாள்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவரும் ஒழுங்காகத் தின்னவில்லை. மருத்துவமனையில் இலவச மாத்திரை கொடுக்கும் சாளரம் ஏழரைக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடும். அது ஆள் எடுக்கும் நேரம். மாத்திரைக்குப் போனால் வேலை போகும். வேலைக்கு நின்றால் மாத்திரை போகும். சாளரத்துக்கு நேரம் குறித்தவர்கள் யாருக்காகக் குறித்தார்கள்? ஏழை மருந்து தின்பதில்லை, அறியாமை என்று எத்தனை கூட்டங்களில் பேசுகிறோம். கடிகாரத்தை நம் கையில் வைத்துக்கொண்டு அறியாமையை அவர்கள் தலையில் வைக்கிறோம்.

நீது இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, “வேதனை பொய்யில்ல சேச்சி. நான் நோக்கின இடம்தான் தெற்று” என்றார். ஏமாற்றம் பிரஷரை ஏற்றும், ஏறிய பிரஷர் நெஞ்சை இறுக்கும். உடம்பு பொய் சொல்லவில்லை, கேட்டவர்கள்தான் தவறான இடத்தில் காது வைத்தார்கள் என்று விளக்கினார்.

இரண்டாவது சீட்டை ஜெபமலர் தன் அறையில் உட்கார்ந்து எழுதவில்லை. முக்கில் நின்று எழுதினாள். அதிலும் முதலில் சறுக்கினாள். எதிரே உள்ள வாசகசாலைத் தோட்டம் புதர் மண்டிக் கிடக்கிறதே, வேலை கிடைக்காதவர்கள் சேர்ந்து அதைத் திருத்தினால் பொழுதும் போகும், மனமும் தெளியும் என்றாள். ராஜபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சும்மா வேலைக்கு நாங்க வரமாட்டோம் மக்களே. இண்ணைக்கு சும்மா செஞ்சா, நாளைக்கு அதுக்குக் கூலி கேக்க எனக்க வாய் எழும்புமா?”

கூலிக்காரரின் உழைப்பைக் கூலியின்றிக் கேட்பதற்கு ஆரோக்கியம் என்று பெயர் சூட்டிவிட்டால் அது நியாயமாகிவிடுமா? ஜெபமலர் அந்த யோசனையை அங்கேயே கைவிட்டாள். அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டாள். மாத்திரையும் பிரஷர் கருவியும் ஒன்பதரைக்கு இங்கே வரட்டும் என்றார்கள். வாசகசாலைக்காரர்கள் முன்கூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஒரு நர்ஸ் வருவதற்கு நீது ஏற்பாடு செய்தார். நர்ஸுக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். முக்குக்கு ஏது பட்டியல்? ஒப்பந்தக்காரனுக்குத் தலைக்கணக்குப் போதும். அப்போதுதான் மாடம்மாள், யாரும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினாள். பெயர், ஊர், கொத்தனா மைக்காடா, இங்கே வந்து எத்தனை வருடம், எந்தக் காலில் ஆணி குத்தியது, யாருக்குச் சர்க்கரை. நாற்பத்தேழு பேர். எழுதிய ஜெபமலருக்குத்தான் கை வலித்தது. எழுத்தறியாத அந்தப் பெண்ணின் மனத்தில் அந்த நகரத்தின் எந்த அலுவலகத்திலும் இல்லாத பேரேடு இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கு, மிஞ்சி நின்றவர்களை மாடம்மாள் பெயர் சொல்லி அழைத்தாள். அழைக்கப்பட்டவர் கூடத்துக்குள் வந்து உட்கார்வார். மாத்திரை போட்டாயா என்பாள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளேன் என்பதற்குப் பதிலாகச் சிலர் வேண்டுமென்றே, இல்லை, செத்துப்போனேன் என்பார்கள், பெஞ்சுகள் குலுங்கும். பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா, அரை மணி நேரப் பேச்சு, நாளைக்கு எங்கே காங்கிரீட் என்ற செய்தி. அவ்வளவே சீட்டு.

லெட்டர் விஷயத்தை ஜெபமலர் ராஜபாயிடம் சொல்லியிருந்தாள். கேட்டதும் ராஜபாய் வலக்கையை நீட்டினாள். “முப்பது நாளு தானே. மாடம்மா ஆசுபத்திரிப் படி ஏறமாட்டா. நான் சொல்லுகேன்.”

ஜெபமலர் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பற்றினாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். முக்கில் ஒப்பந்தம் எழுத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக் காலை பத்துப் பேர் வருவார்கள் என்று மேஸ்திரி கை கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள். மழையானாலும் வருவார்கள், காய்ச்சலானாலும் வருவார்கள். ஒருவர் குறைந்தால் அந்த மேஸ்திரியின் சொல்லுக்கு அதன்பின் முக்கில் விலையில்லை. கை கொடுத்தவரால் அந்த வாக்கைத் திரும்ப எடுக்க முடியாது; வாங்கியவர்தான் விடுவிக்க வேண்டும். ஜெபமலர் வாங்கியது ஆறுதல் அல்ல, ஒப்பந்தம்.

பத்து நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. பதிவேட்டில் மாடம்மாள் இல்லை. மற்ற ஒன்பது பெயர்களில் இரண்டு மட்டும் தலா ஒரு முறை தலைகாட்டின. ஜெபமலர் ஒரு வரைபடம் தயாரித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டினாள். கோடு படியிறங்குவதுபோல் இறங்கியது. கோலப்பன்கூட நின்று பார்த்து, இதென்ன வித்தை என்று விசாரித்தார். அறக்கட்டளைக்காரர்கள் அதன் நகல் கேட்டார்கள். கோடு இறங்க இறங்க ஜெபமலரின் தலை நிமிர்ந்தது. ஏறும்போதெல்லாம் ஏன் என்று கேட்டவள், இறங்கும்போது ஏன் என்று கேட்க மறந்தாள்.

இருபத்துநான்காம் நாள் அவள் முக்குக்குப் போனபோது பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ராஜபாய். அந்தக் குரலில் பெயர்கள் வரிசை மாறி வந்தன. மாடம்மாளுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று ஜெபமலர் ஆவலாகக் கேட்டாள். ராஜபாய் அவளை ஓரமாக அழைத்துப்போய், ஒரு நற்செய்தி சொல்லும் முகத்தோடு சொன்னாள்.

“மூணு நாளா அவளுக்கு நல்ல வலி. தாடையில எல்லாம் குத்துகு, வேர்த்து ஒழுகுகு. ஆசுபத்திரிக்குப் போணும்னு ஒருக்கா எழும்பினா. விடல்ல. ரெண்டு பேரைக் காவலுக்குப் போட்டிருக்கேன். இன்னும் ஆறு நாளு தானே மக்களே.”

தாடை வலியும் வேர்வையும் எதன் அறிகுறி என்று ஜெபமலருக்குத் தெரியும். ஓடினாள். ஆரியசாலையின் மூட்டை வண்டிகளுக்கும் கோணிகளுக்கும் இடையில் ஓடினாள். ராஜபாய் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். அறையில் மாடம்மாள் பாயில் கிடந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு பெண்கள் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொடுமை செய்வதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தோழியை இந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளக் காவல் இருந்தார்கள்.

எழுந்திரு, போகலாம் என்றாள் ஜெபமலர். மாடம்மாள் தலையை அசைத்தாள்.

“போனா லெட்டர் போடுவாவ. வேண்டாம். ஆறு நாளு பொறுத்துக்கிடுதேன்.”

வாசலில் ராஜபாய் குறுக்கே நின்றாள். அவளுடைய முகத்தில் பிடிவாதம் இல்லை, திகைப்பு இருந்தது. கை கொடுத்தாயிற்றே என்றாள். அந்த ஒரு சொல்லில் ஜெபமலருக்கு எல்லாம் விளங்கியது. இவர்கள் யாருக்காக வலியைப் பூட்டிவைத்தார்கள்? தன் சுவரில் இறங்கிய அந்தக் கோட்டுக்காக. அவள் ராஜபாயின் முன்னால் போய் நின்று, வலக்கையை நீட்டினாள்.

“அக்கா, நான் வாங்கினது தப்பான வாக்கு. விட்டேன். எல்லாரும் கேளுங்க, நான் விட்டாச்சு.”

ராஜபாய் அந்தக் கையை ஒரு முறை தட்டினாள். அவ்வளவுதான். அடுத்த நொடியே அவள் பழைய மேஸ்திரி. இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்தார்கள், ஒருவர் ஆட்டோவை மறித்தார், மாடம்மாள் தரையில் கால் படாமல் சாலைக்கு வந்துசேர்ந்தாள்.

கேஷுவாலிட்டியில் நுழைந்தபோது மணி பத்தேகால். நீது நிமிர்ந்து பார்த்தார். அதே மாடம்மாள், அதே நேரம், அதே நெஞ்சு. அவருடைய கை வழக்கமான ஓய்வுப் பெஞ்சைக் காட்டப் போனது. அதில் அவர் குற்றம் என்ன? பத்து மணி வலிக்குக் காரணம் சொல்லிக் கொடுத்தவள் ஜெபமலர். ஒரு நோயைக் கண்டுபிடித்ததில் இன்னொரு நோயை மறைத்துவிட்டிருந்தாள்.

“இது அந்த வலி இல்ல டாக்டர்” என்றாள். “இது மூணு நாள் வலி. முக்குக்காரங்க பூட்டி வச்சிருந்தாங்க. எனக்காக.”

ஈசிஜித் தாள் கருவியிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும்போதே நீதுவின் முகம் மாறியது. அதன்பின் அங்கே யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். இதயத் தசையில் ஒரு பகுதி ஏற்கெனவே அடிபட்டிருந்தது, மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பதிவேட்டில் அவள் பெயர் இனி ஒருபோதும் ஏறாமலே போயிருக்கும், வரைபடம் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

ஜெபமலர் தன் இடத்துக்குப் போய் அந்த வரைபடத்தைப் பிய்த்து எடுத்தாள். கிழிக்கவில்லை. பின்பக்கத்தில் எழுதினாள்: வராதவர்கள் ஏன் வரவில்லை? வர வேண்டியவர் வந்தாரா? அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த இரண்டு கேள்விகளையும் எண்ணிக்கைக்கு மேலே வைத்தாள். கூடவே, தான் செய்த தவறையும் எழுதினாள், பெயரோடு.

எட்டாம் நாள் மாடம்மாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் நீது. எந்த வீட்டுக்கு? கோலப்பன் கோப்போடு வந்தார். இந்த முறை அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதனால் ஆபத்து கூடுதல். சீக்கு இல்லாமல் வந்தால்தானே லெட்டர், இது உண்மையான சீக்கு, ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஆனால் இதய நோயாளியை ஆளில்லாத அறைக்கு அனுப்ப முடியாது. பொறுப்பேற்று அழைத்துப்போக உறவினர் கையெழுத்து வேண்டும். வள்ளியூரில் உறவு இருக்கிறது, இங்கே இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: நோயாளிக்கு உறவு. தகப்பன், கணவன், மகன், மகள் என்று அச்சிட்டிருந்தது. அந்த நாலு சொல்லுக்குள் அடங்காதவர்கள் எங்கே போவார்கள் என்று அதை அச்சிட்டவர் யோசித்திருக்கவில்லை.

ஜெபமலர் வாதாட வாய் திறந்தாள். அதற்குள் கட்டிலில் சாய்ந்திருந்த மாடம்மாள் கோலப்பனைக் கூர்ந்து பார்த்து, மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்.

“சாருக்கு எந்த ஊரு?”

கரமனை என்றார் அவர்.

“அதுக்கு முன்னால?”

கோலப்பன் சற்றுத் தயங்கினார். தாத்தா தோவாளையிலிருந்து வந்தவர், இங்கே ஒரு மண்டிக் கடையில் கணக்கெழுத வந்து தங்கிவிட்டார் என்றார்.

“அப்பொ உங்களுக்கு லெட்டர் ஒண்ணும் வரலையோ?”

வார்டில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். பேனா பிடித்து வந்தவர் குடியேறினார். சட்டி சுமந்து வந்தவள் மட்டும் வெளியூர்க்காரி. இரண்டு பேரும் ஒரே பாதையில்தான் வந்தார்கள். கோலப்பனுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார்.

சுவரோரம் நின்ற ராஜபாய் முன்னால் வந்தாள். கையை நீட்டப் போனவளை ஜெபமலர் தடுத்தாள். என்ன வாக்கு என்று முதலில் சொல்லும்படி கேட்டாள். ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்படி கேட்டாள். ராஜபாய் யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தினமும் மாத்திரை உள்ளே போகும். ராத்திரி ஒருத்தி கூடப் படுப்பாள். முக்கில் யாருக்கு எப்போது நெஞ்சு வலித்தாலும், அது எந்த வலி என்று யாரும் ஆராய மாட்டார்கள், ஆட்டோவைப் பிடிப்பார்கள்.

கூட்டம் கூடுமே என்றார் கோலப்பன்.

“கூடட்டும் சார்” என்றாள் ஜெபமலர்.

அவர் நீதுவைப் பார்த்தார். நீது தலையசைத்தார். கோலப்பன் படிவத்தை மேசைமேல் வைத்து, அச்சிட்ட நாலு சொற்களையும் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து அடித்தார்.

“உறவு என்னன்னு எழுத?” என்று ராஜபாயிடம் கேட்டார்.

“மேஸ்திரி” என்றாள் அவள்.

அதையே எழுதினார்.